மூன்று நாள் கணக்கு

“மாமா, பெட்டியில மூணு நாள்னு போட்டிருக்கு. ஏன் மூணு? ஏன் நாலு இல்ல?”

கேட்டது என் அக்கா மகன். வயது 13. ஏழு வயதில் அவனுக்கு முதல் வகை இனிப்பு நீர் கண்டது. இரண்டு ஆண்டுகளாக இடுப்பில் இன்சுலின் பம்ப். காற்சட்டைப் பையில் கைப்பேசியைவிடச் சிறிய ஒரு கருவி, அதிலிருந்து மெல்லிய டியூப், டியூப்பின் முனையில் வயிற்றில் ஒட்டிய வட்டப் பிளாஸ்திரி. அந்தப் பிளாஸ்திரிக்கு அடியில் தோலுக்குள் ஆறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மென்மையான குழாய். அதைக் கனுலா என்கிறார்கள். டியூப், பிளாஸ்திரி, கனுலா மூன்றும் சேர்ந்ததை எங்கள் வீட்டில் ‘செட்’ என்போம். பம்ப் பல ஆண்டுகள் உழைக்கும். செட்டை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றி எறிந்துவிட்டு வேறோர் இடத்தில் புதிதாகக் குத்த வேண்டும்.

அவன் கேள்வி சும்மா வந்ததில்லை. பக்கத்து அறையில் அக்காவும் அத்தானும் பேசிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்திருக்கிறது. மூன்று நாளுக்கு ஒன்று என்றால் மாதத்துக்குப் பத்துச் செட். ஐந்து நாளுக்கு ஒன்று என்றால் ஆறு. நாலு செட்டின் காசு மிச்சம். எங்கள் குடும்பத்தில் இது முழுக்கச் சொந்தக் காசு. அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அத்தான் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர். மாதாமாதம் நாலு செட் மிச்சம் என்பது அந்த வீட்டில் சின்ன விஷயமில்லை. பள்ளி விடுமுறையில் நாலு நாள், ஐந்து நாள் என்று இழுத்துப் பார்த்தும் இருக்கிறார்கள். பல தடவை ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சிக்கலே. பல தடவை ஒன்றும் ஆவதில்லை.

நான் படித்தது ஊடகத் துறை, மருத்துவமில்லை. ஆனால் காலை வானொலி நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு ஒரு கேள்வியை விடாமல் துரத்துவதுதான் தொழில். பையனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேட ஆரம்பித்தேன். அவனைப் பார்க்கும் மருத்துவரிடமும் தாதியிடமும் கேட்டேன். வாசகர்களில் பம்ப் வைத்திருப்போர் குறைவுதான். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தாலும் பெரும்பாலும் அது இரண்டாம் வகை; மாத்திரையும் ஊசிப் பேனாவுமாக ஓடுகிறது. ஆனாலும் தோலுக்கடியில் இன்சுலின் எப்படிச் சேர்கிறது என்ற கதை பேனா வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் பொருந்தும். அதனால் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

ஆறு பேர் கைகோத்து நிற்கும் கூட்டம்

குப்பியில் இருக்கும் இன்சுலின் மூலக்கூறுகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஆறு ஆறாகக் கூடி, நடுவில் துத்தநாகம் வைத்து, ஒரு கொத்தாக நிற்கின்றன. அந்த அமைப்பை எக்ஸ்ரே வழியாக 1969-ல் கண்டு சொன்னவர் டொரோத்தி ஹாட்ஜ்கின். கொத்தாக இருந்தால் கெடாமல் இருக்கும். அந்தக் கொத்து கலையாமல் காப்பதற்காகவும் கிருமி வளராமல் தடுப்பதற்காகவும் ஃபீனால், மெட்டா-கிரெசால் என்ற இரண்டு பொருட்களை உற்பத்தியாளர்கள் சேர்க்கிறார்கள். பம்ப் செட்டைக் கழற்றும்போது ஒரு பிளாஸ்திரி வாசனை, ஆஸ்பத்திரி வாசனை வருமே, அது இவற்றின் வாசனைதான். இன்சுலினுக்கு அல்ல.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் இறங்கியதும் இந்தக் காப்புப் பொருட்கள் வேகமாக விலகிப் போகும். கொத்து உடையும். ஒற்றை ஒற்றையாகப் பிரிந்த மூலக்கூறுகள்தான் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலக்க முடியும். வேக இன்சுலின் என்று விற்கப்படுபவை சீக்கிரம் கலைவதற்காகவே மாற்றி அமைக்கப்பட்டவை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை தொடங்கும், ஒரு மணி நேரத்தை ஒட்டி உச்சம் தொடும், மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓயும். பம்பில் போடுவது இந்த ஒரே வகைதான். பேனா போடுகிறவர்களுக்கு இரவு நேர நீண்ட இன்சுலின் ஒன்று அடியில் காவல் இருக்கும். பம்ப் போட்டவருக்கு அந்தக் காவல் கிடையாது. டியூப்பில் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலின் வற்றிவிடும், கீட்டோன் ஏறத் தொடங்கும். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

இன்னொரு கணக்கு. இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 யூனிட். ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் என்பதால் இது 0.4 மில்லிலிட்டர். மூன்று நாளில் 1.2 மில்லிலிட்டர், கால் டீஸ்பூன் அளவு. சாப்பாட்டுக்குக் கொடுப்பது போக மணிக்கு 0.8 யூனிட் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் ஒரு சொட்டு, நாம் கண்ணால் பார்க்கும் ஒரே ஒரு சொட்டு, உடம்புக்குள் போக ஆறு மணி நேரம் ஆகும். அவ்வளவு மெல்லிய ஓட்டம். குழாய் அடைத்தால் அலாரம் அடிக்கும் என்று நம்புகிறோம். ஆனால் அலாரம் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. இந்த வேகத்தில் அழுத்தம் ஏற மணிக்கணக்காகும். இன்சுலின் அடைபடாமல் பிளாஸ்திரிக்கு அடியில் கசிந்தாலோ, தோலுக்குள் போயும் உறிஞ்சப்படாமல் தேங்கினாலோ அலாரத்துக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

முதல் நாள் மந்தம், நாலாம் நாள் அவசரம்

புதுச் செட் போட்ட அன்றே இன்சுலின் சிறப்பாக வேலை செய்யும், நாளாக ஆக மெதுவாகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நடப்பது வேறு.

கனுலாவைச் செலுத்துவதே உடம்புக்கு ஒரு காயம். முதல் நாள் அந்த இடம் நசுங்கி, கொஞ்சம் இரத்தம் உறைந்து, குழப்பத்தில் இருக்கும். பலருக்கு அன்றுதான் சர்க்கரை சற்றுக் கூடுதலாக நிற்கும். அதன்பின் காயத்தை ஆற்ற உடம்பு அந்த இடத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. இரத்தம் அதிகம் வந்தால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் பதின்ம வயதினரிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: முதல் நாள் இடத்தைவிட நாலாம் நாள் இடத்தில் கொடுத்த இன்சுலின் சீக்கிரமே உச்சம் தொட்டது. மொத்த வேலை ஏறத்தாழ அதே அளவுதான். உச்சம் வரும் நேரம்தான் முன்னால் நகர்ந்திருந்தது.

அப்படியானால் நாலாம் நாள் நல்லதுதானே? மருமகனும் அதைத்தான் கேட்டான். இங்கேதான் மற்றொரு வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. கனுலா டெஃப்லானால் ஆனது. வீட்டில் ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே பொருள். உடம்புக்கு அது அந்நியன். அதைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடுகின்றன, புரத இழைகள் படிகின்றன, நாளுக்கு நாள் ஓர் அழற்சி அடுக்கு தடிக்கிறது. போதாக்குறைக்கு நான் மேலே சொன்ன ஃபீனாலும் மெட்டா-கிரெசாலும் திசுவை எரிச்சலூட்டக்கூடியவை. ஓர் இடத்தில் ஓயாமல் அவை சொட்டிக்கொண்டே இருக்கின்றன. இந்த அடுக்கு தடித்துவிட்டால் இன்சுலின் பரவுவதற்குப் பதில் இடுக்கு கிடைத்த பக்கம் ஓடுகிறது. சில நேரம் கனுலா ஓரமாகவே மேலே ஏறிப் பிளாஸ்திரியை நனைக்கிறது.

ஆக, நாள் கூடும்போது ஒரு பக்கம் வேகம் கூடுகிறது, மறு பக்கம் தடையும் கூடுகிறது. எது வெல்லும் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். ஒரே ஆளுக்கே வயிற்றின் இடது பக்கம் ஐந்து நாள் தாங்கும். வலது பக்கம் மூன்றாம் நாளே கைவிடும். மூன்று நாள் என்று பெட்டியில் போட்டிருப்பதன் பொருள், அதன் பிறகு எல்லாம் நின்றுவிடும் என்பதல்ல. அதன் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான். (எஃகு ஊசி செட்டுக்கு அதுவும் இரண்டு நாள்தான்.)

பூச்சோங்கில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு

கடந்த ஆண்டு இறுதி விடுமுறை. செட் போட்டு ஐந்தாம் நாள். அன்று முழுக்கச் சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது. இரவு எட்டு மணிக்குத் தோசை, கணக்குப் போட்டு இன்சுலின். பதினொரு மணிக்குச் சென்சார் 16.8 காட்டியது. நம் ஊர் மீட்டரில் வரும் மில்லிமோல் கணக்கு இது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 10-க்குக் கீழே இருந்தால் அக்கா நிம்மதியாகத் தூங்கப் போவார். பம்ப் வழியாகவே திருத்த இன்சுலின் கொடுத்தார்கள். 12.30-க்கு 19.4. அலாரம் இல்லை. டியூப்பில் காற்றுக்குமிழி இல்லை. பையனுக்கு லேசாக வயிற்றுக் குமட்டல்.

அக்கா விரலில் இரத்தம் எடுத்துக் கீட்டோன் பார்த்தார். 1.6. 0.6-க்குக் கீழே இருக்க வேண்டியது. 3-ஐத் தொட்டால் நேராக மருத்துவமனை. எனக்கு ஒரு மணிக்கு அழைப்பு வந்தது. காலை நிகழ்ச்சிக்காக நான் மூன்றரைக்கு எழுகிறவன் என்பதால் அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா முக்கியமானதைச் செய்து முடித்திருந்தார்: பம்பை நம்பாமல் ஊசிப் பேனாவால் திருத்த இன்சுலின், பிறகு புதிய இடத்தில் புதிய செட், நிறையத் தண்ணீர். கிளினிக்கில் கற்றுக்கொடுத்த வரிசை அப்படியே. காரணம் தெரியாமல் சர்க்கரை 14-ஐத் தாண்டி, ஒரு திருத்தத்துக்கும் இறங்கவில்லை என்றால் அடுத்த திருத்தம் பேனாவில்தான், செட்டும் மாற்றியாக வேண்டும் என்று தாதி சொல்லி வைத்திருந்தார்.

மூன்று மணிக்குக் கீட்டோன் 0.9. ஐந்து மணிக்கு சர்க்கரை 9.2. நான் அங்கிருந்தே நிலையத்துக்குக் கிளம்பினேன். கழற்றிய கனுலாவை அக்கா ஒரு சிறு டப்பாவில் வைத்திருந்தார். நானும் பார்த்தேன். மடங்கவில்லை, அடைக்கவில்லை. பிளாஸ்திரி மட்டும் லேசான ஈரம். குத்திய இடத்தில் ஐம்பது சென் நாணயம் அளவுக்குச் சிவப்பு. பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத செட். அதுதான் அந்த ஐந்து மணி நேரத்தைக் கொடுத்தது.

இப்போது வரும் பம்புகள் சென்சாரோடு பேசித் தானாகவே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கின்றன. பெரிய வரம். ஆனால் அதிலும் ஒரு கண் வைக்க வேண்டும். உறிஞ்சுதல் மெல்லச் சரியும்போது கருவி அதை ஈடுகட்ட இன்னும் இன்னும் ஊற்றும். சர்க்கரைக் கோடு அழகாகவே தெரியும். அன்றைய மொத்த யூனிட் கணக்கை எடுத்துப் பார்த்தால்தான் 40 போக வேண்டிய இடத்தில் 52 போயிருப்பது தெரியும். சாப்பாடும் ஓட்டமும் வழக்கம்போல இருந்து யூனிட் மட்டும் ஏறினால் செட்டைச் சந்தேகிக்கலாம். எங்கள் வீட்டில் இரவு படுக்கும் முன் இந்த ஓர் எண்ணைப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

ஏழு நாள் செட்

ஏழு நாள் தாங்கும் செட் இல்லாமல் இல்லை. மெட்ரோனிக் நிறுவனத்தின் ஏழு நாள் செட் 2021-ல் ஐரோப்பாவிலும் 2022-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதில் என்ன மாற்றினார்கள் என்பதுதான் சுவாரசியம். ஃபீனால், மெட்டா-கிரெசால் இரண்டும் சாதாரண டியூப்பின் பிளாஸ்டிக்கில் உறிஞ்சப்பட்டுப் போய்விடுகின்றன. காவல் போனதும் இன்சுலின் கொத்து கலைந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தவறாக ஒட்டி நுண்ணிய நார்களாகத் திரள்கின்றன. அந்தத் துகள்கள் தோலுக்குள் போனால் அழற்சி இன்னும் கூடும். டியூப்பின் பொருளையும் இணைப்பையும் மாற்றி, காப்புப் பொருள் இழப்பைக் குறைத்து, பசையையும் பலப்படுத்தித்தான் ஏழு நாளுக்குக் கொண்டுபோனார்கள். அப்படியும் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் ஐந்தில் ஒரு செட்டுக்கும் சற்று அதிகமாக ஏழாம் நாள் முடிவைத் தொடவில்லை. அந்தச் செட் ஏழு நாள் போகிறது என்பதற்காகப் பழைய மூன்று நாள் செட்டை ஏழு நாள் வைக்கலாம் என்று கணக்குப் போடக் கூடாது. இரண்டும் வேறு பொருள்.

பம்பின் கூட்டுக்குள் இருக்கும் இன்சுலினுக்கும் தனியாக ஒரு காலக்கெடு உண்டு. எத்தனை நாள் என்பது இன்சுலினுக்கு இன்சுலின் மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கும். 37 டிகிரிக்கு மேல் சூடேறியதை எறிந்துவிடச் சொல்கிறார்கள். நம் ஊர் மதிய வெயிலில் நிறுத்திய கார் அந்த அளவை எளிதாகத் தாண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடம்புச் சூடும் ஆட்டத்தை மாற்றும். வெந்நீர்க் குளியலும் பந்து விளையாட்டும் தோலில் இரத்த ஓட்டத்தைக் கூட்ட, போட்ட இன்சுலின் சீக்கிரம் இறங்கிச் சர்க்கரை திடீரென்று தாழலாம்.

இரண்டு மாதக் குறிப்பேடு

அந்த இரவுக்குப் பிறகு மருமகன் ஒரு வேலை செய்தான். பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் கட்டம் போட்டு, ஒவ்வொரு செட்டுக்கும் எந்த இடம், எந்த நாள், பசியாறி இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை எவ்வளவு என்று எழுதத் தொடங்கினான். பள்ளி நாட்களில் அவனுக்கு எப்போதும் ஒரே பசியாறல்தான்: இரண்டு இட்லி, சாம்பார், சீனி போடாத மைலோ. அதனால் ஒப்பிட வசதி. முதல் நாள் 12, 13 என்று வரும். இரண்டாம், மூன்றாம் நாள் 9-ஐ ஒட்டி அடங்கும். நாலாம் நாள் ஒரு தடவை 7.5, மறு தடவை 14. ஒரே பையன், ஒரே இட்லி. ஆய்வுக்கூடத்தில் சொல்வதைத்தான் அவன் புத்தகமும் சொன்னது என்று மருத்துவர் சிரித்தார். முதல் நாள் காலைக்கு மட்டும் இன்சுலினைச் சற்று முன்னதாகவே கொடுக்கச் சொன்னார். இது அவனுக்குச் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு வேறு. அந்தப் புத்தகத்தில் அக்கா செலவுக் கணக்கையும் சேர்த்தார். இரண்டு மாதத்தில் 26 செட் போயிருந்தது. மூன்று நாளுக்கு ஒன்று என்றாலும் 20 தானே வர வேண்டும்? மீதி ஆறு எங்கே? மூன்று வியர்வையில் பிளாஸ்திரி கழன்று போனவை. இரண்டு கதவுக் கைப்பிடியில் டியூப் மாட்டிப் பிடுங்கிக்கொண்டவை. ஒன்று தைப்பூசத்தன்று. பத்துமலையில் பால்குடம் எடுத்தான், அதிகாலை ஆற்றுக் குளியல், பிறகு கூட்டத்தில் நெரிசல், 272 படி. மேலே போய்ச் சேரும்போது பிளாஸ்திரி பாதி தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றுச் செட்டும் பேனாவும் என் இடுப்புப் பையில் இருந்ததால் அங்கேயே ஓர் ஓரமாக உட்கார வைத்து மாற்றினோம்.

ஆறாம் நாளுக்கு இழுத்து மிச்சம் பிடிக்கப் பார்த்த காசு, முதல் நாளிலேயே கழன்று போய்க்கொண்டிருந்தது. இப்போது குத்துவதற்கு முன் தோலை நன்றாகத் துடைத்து முழுதாகக் காய விடுகிறார்கள். மேலே கூடுதலாக ஒரு விளையாட்டு டேப். டியூப்பில் ஒரு சிறு வளையம் விட்டு அதையும் தோலோடு ஒட்டுகிறார்கள், இழுத்தால் வளையம்தான் இழுபடும். கடந்த மாதம் 11 செட். நிரந்தரமாக மூன்று நாள், பள்ளி விட்டு வந்ததும் மாலைத் தேநீருக்கு முன் மாற்றுவது. படுக்கப் போகும் முன் மாற்றுவதில்லை. புது இடம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க விழித்திருக்கும் சில மணி நேரம் வேண்டும்.

இடம் மாற்றுவதுதான் இன்னும் தீராத பஞ்சாயத்து. பிள்ளைகளுக்கு வலிக்காத இடம் ஒன்று பிடித்துவிட்டால் அங்கேயே குத்தச் சொல்வார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போனால் கொழுப்பு தடித்துக் கட்டியாகும். அங்கே குத்தினால் வலிக்காது, அதனால் இன்னும் பிடிக்கும். ஆனால் உறிஞ்சுதல் குறையும், கணிக்கவும் முடியாது. ஊசிப் பேனா போடும் பெரியவர்களுக்கும் இதே கதைதான்; தொப்புளுக்கு வலது பக்கம் மட்டுமே பல ஆண்டுகள் குத்தும் அப்பாக்கள் எத்தனை பேர்! வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் பம்ப் பயன்படுத்துவோரின் தோலில் சிறு துணுக்குகள் எடுத்துச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். அழற்சி, தழும்புத் திசு, செத்துப்போன கொழுப்பு எல்லாம் அதில் இருந்தன. கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருக்காமல் விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்கிறார் எங்கள் தாதி. சோப்பு நுரை கையில் இருக்கும்போது, குளியலறையில், கண்ணை மூடிக்கொண்டு.

மருமகன் வயிற்றில் தடவிப் பார்த்து, பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். தொப்புளுக்கு இடது புறம் ஓர் இடம் கெட்டியாக இருக்கிறது, பழைய ஐந்து நாள் செட்டுகள் உட்கார்ந்த இடம். ஆறு மாதத்துக்கு அங்கே எதுவும் குத்தக் கூடாது. அதுவரை பின்னிடுப்பும் தொடையும்தான். தொடை வலிக்கிறது என்று அவன் என்னிடம் மட்டும் சொல்கிறான். அடுத்த சந்திப்பு ஆகஸ்டில்.